முகம் திருப்பாத சாமி

செஞ்சிக்கு வடக்கே, கூப்பிடு தூரம் என்று சொல்லத்தக்க தொலைவில் சிங்கவரம். படியேறிப் போனால் பல்லவர் காலத்துக் குடைவரை. உள்ளே மலைப்பாறையிலேயே வடித்த ரங்கநாதர் பள்ளிகொண்டிருக்கிறார். தீபம் காட்டும்போது ஊர்க்காரர் யாராவது பக்கத்தில் இருந்தால் ஒன்றைச் சொல்லாமல் விடமாட்டார்: பெருமாள் முகம் சற்றுத் திரும்பியிருக்கிறது, பாருங்கள். 1714இல் ஆற்காட்டு நவாபின் படையோடு மோதப் புறப்பட்ட ராஜா தேசிங்கு, முதலில் இங்கே வந்து கும்பிட்டாராம். போகாதே என்பதுபோலப் பெருமாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாராம். தேசிங்கு கேட்கவில்லை. போனவர் பிணமாகத்தான் திரும்பினார்.

கதைப்பாட்டாக ஊர் ஊராகப் பாடப்பட்டு, 1960இல் எம்.ஜி.ஆர். நடித்த சினிமாவாகவும் ஆன கதை இது. இதில் வீரத்தையும் குதிரையையும் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். சாமி முகம் திருப்பிய அந்த ஒரு கணம்தான் இந்தக் கட்டுரைக்கு வேண்டியது. கும்பிடுகிறவர் பார்க்கிறார், கும்பிடப்படுகிறவரும் பார்க்க வேண்டும். அவர் பார்க்க மறுக்கவும் செய்யலாம். தரிசனம் என்ற சொல்லுக்குள் இந்த மறுப்புக்கும் இடம் இருக்கிறது.

இன்று அதே செஞ்சியின் பேருந்து நிலையத்தில் உட்கார்ந்திருக்கும் ஒரு பாட்டி பேரனின் போனில் அங்காளம்மன் பாட்டு பார்க்கிறார். கேட்கிறார் என்று சொல்ல முடியாது, பார்க்கத்தான் செய்கிறார். மஞ்சள் புடவையில் ஒரு நடிகை, கையில் சூலம், பின்னால் நெருப்பு, இடையிடையே உற்சவருக்குப் பாலாபிஷேகம். பாட்டி கன்னத்தில் போட்டுக்கொள்கிறார். பாட்டு முடிந்ததும் பேரன் மறுபடி தட்டுகிறான். அம்மன் மறுபடி வருகிறாள். எத்தனை முறை தட்டினாலும் வருவாள். அந்தப் பாட்டி பெற்றது தரிசனமா? பாட்டுக்குப் படம் வந்து சேர்ந்த நூறாண்டுக் கதையைத் திருப்பிப் பார்க்காமல் இதற்குப் பதில் தேடுவது கடினம்.

பழைய ஏற்பாட்டில் பாட்டு முன்னால் வரும், காட்சி பின்னால் வரும். கோயிலில் அலங்காரம் நடக்கும்போது திரை போட்டிருப்பார்கள். வெளியே நாதஸ்வரம் ஒலிக்கும், ஓதுவார் பாடுவார், கூட்டம் கழுத்தை நீட்டிக் காத்திருக்கும். பிறகு திரை விலகும், தீபம் எழும். திருமலையில் சுப்ரபாதம் பாடித்தான் நாளைத் தொடங்குகிறார்கள். சாமி எழுந்த பிறகே மற்றவர்களுக்கு முகம் காட்டுவார். வடலூர் சத்திய ஞான சபையில் தைப்பூசத்தன்று ஏழு திரைகளை ஒவ்வொன்றாக விலக்கிய பிறகுதான் ஜோதி தெரியும். வள்ளலார் 1872இல் தொடங்கி வைத்த அந்த வழிபாட்டில், பார்க்கும் நேரத்தைவிடப் பார்க்கக் காத்திருக்கும் நேரம் பெரிது.

செஞ்சி வட்டாரத்தின் தெருக்கூத்திலும் இதே முறைதான். இரண்டு பேர் ஒரு துணியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். அதன் பின்னாலிருந்து வேஷக்காரரின் குரல் வரும்; மேலே கிரீடத்தின் நுனி தெரியும்; துணியின் அடியில் சலங்கைக் கால் தெரியும். துரியோதனன் தான் யார், எப்படி வருகிறேன் என்று பாடி முடிக்கிறவரை முகம் தெரியாது. இதைத் திரைப் பிரவேசம் என்கிறார்கள். விடிய விடிய உட்கார்ந்திருக்கும் கூட்டத்துக்கு இந்தக் கால் மணி நேரம் வெறும் அறிமுகம் இல்லை. பாட்டு ஒரு ஆளைக் கொஞ்சம் கொஞ்சமாக உண்டாக்குகிறது. துணி விலகும்போது அந்த ஆள் அங்கே இருக்கிறார்.

அந்தத் துணிக்கும் சினிமாவின் வெள்ளைத் துணிக்கும் தமிழில் ஒரே பெயர்: திரை. ஒன்று மறைக்கிறது, மற்றது காட்டுகிறது. ஒரே சொல் எப்படி எதிரெதிர் வேலை இரண்டையும் பார்க்க ஒப்புக்கொண்டது என்பது மொழிக்காரர்கள் யோசிக்க வேண்டிய விஷயம்.

கூத்தின் சாமிக்குச் செஞ்சிதான் தாய்வீடு. மேலச்சேரி என்கிற பழைய செஞ்சியில் உள்ள திரௌபதி அம்மன் கோயிலை ஆதிக் கோயிலாக அந்த வழிபாட்டினர் கொள்கிறார்கள். அமெரிக்க அறிஞர் ஆல்ஃப் ஹில்டெபைட்டல் இந்த வழிபாட்டைப் பற்றி எழுதிய பெருநூலின் முதல் பாகம் 1988இல் வந்தபோது, செஞ்சியிலிருந்து குருக்ஷேத்திரம் வரை என்று அதன் தலைப்பிலேயே இந்த ஊரை வைத்தார். துகிலுரிதல் கூத்தன்று திரௌபதி வேஷக்காரருக்கே சாமி வந்துவிடுவதுண்டு. துச்சாதனன் வேஷக்காரர் மயங்கி விழுவதுண்டு. கூட்டத்தில் பெண்கள் ஆடுவார்கள். கற்பூரம் காட்டித்தான் நிறுத்த வேண்டும். அந்த இடத்தில் இது நடிப்பா நிஜமா என்று கேட்பவர் ஊருக்குப் புதுசு.

இப்படி இருந்த பாட்டை முதலில் வெட்டியது படம் இல்லை, இசைத்தட்டு. 78 சுற்று இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் ஏறக்குறைய மூன்று நிமிடம்தான் பதிய முடியும். அங்காளம்மன் கோயில்கொண்ட மேல்மலையனூர் பக்கத்துப் பம்பைக்காரர் அம்மனை வர்ணித்து அழைக்கும்போது நேரம் என்ற கணக்கே கிடையாது. பம்பை, உடுக்கை, சிலம்பு சேர்ந்து முழங்க, தாயே வா என்று கெஞ்சுவார், வராவிட்டால் உரிமையோடு கோபிப்பார், மெட்டை மாற்றுவார், சீர்வரிசையில் என்ன குறை என்று கேட்பார். சில நாள் சட்டென்று இறங்கும். சில நாள் விடிந்தாலும் இறங்காது. பாட்டின் நீளத்தை முடிவு செய்வது பாடுகிறவர் இல்லை, அழைக்கப்படுகிறவள். இசைத்தட்டு வந்ததும் அந்த அதிகாரம் தட்டின் விட்டத்துக்குப் போனது. இன்றுவரை பாட்டு என்றால் நாலைந்து நிமிடம் என்று காதுக்குப் பழகியிருப்பது அந்தத் தட்டின் மிச்சம்தான்.

இசைத்தட்டு குரலை உடம்பிலிருந்து பிரித்தது. சினிமா அந்தக் குரலை வேறோர் உடம்பில் ஏற்றியது. 1938இல் ஏ.வி.மெய்யப்பனின் ‘நந்தகுமார்’ படத்தில் தமிழுக்குப் பின்னணிப் பாட்டு வந்தது: நடித்தவர் ஒருவர், பாடியவர் ஒருவர். இதைப் பெரிய புரட்சியாகச் சொல்வது வழக்கம். கூத்து பார்த்தவர்களுக்கு அவ்வளவு ஆச்சரியம் இருந்திருக்காது. வேஷக்காரர் தொடங்கிய அடியைப் பின்னால் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பின்பாட்டுக்காரர்கள் வாங்கிப் பாடுவதை அவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கேட்டவர்கள். பின்னணி என்ற சொல்லிலேயே அந்தப் பெஞ்சின் நிழல் தெரிகிறது.

ஆனால் முகத்துக்கு என்ன ஆயிற்று என்பது வேறு கதை. 1945இன் ‘மீரா’வுக்காக இயக்குநர் எல்லிஸ் ஆர். டங்கன், எம்.எஸ். சுப்புலட்சுமியின் தலையைச் சிலையாக வடிக்கச் செய்து, எந்தக் கோணத்தில் எப்படி வெளிச்சம் விழ வேண்டும் என்று அதன்மேல் விளக்கைப் போட்டுப் பார்த்தார். சிற்பி சிலை செய்வது சாமிக்கு. இங்கே பக்தைக்கே சிலை செய்து, ஒளி பார்த்து, பிறகு நிஜ முகத்தைப் படம் பிடித்தார்கள். அந்தப் படத்தில் பார்வையாளர் கண்ணனைவிட மீராவைத்தான் கும்பிட்டார்கள் என்றால் அதில் விளக்குக்கும் பங்கு உண்டு. எம்.எஸ். அதற்குப் பிறகு சினிமாவை விட்டுவிட்டார். 1963இல் வெளிவந்த அவருடைய சுப்ரபாத இசைத்தட்டில் படம் எதுவும் இல்லை. அது வீடுகளின் விடியற்காலையையே தன்வசமாக்கியது. இன்று யூடியூபில் அதே குரலுக்குமேல் யார் யாரோ ஏழுமலைப் படங்களை ஒட்டி ஓட விட்டிருக்கிறார்கள். சாமி எழுவதற்கு முன்பே, முதல் நொடியிலேயே, கிரீடமும் நாமமுமாகக் காட்சி தந்துவிடுகிறார்.

சினிமாவில் இந்தக் கேள்வியை மிக நன்றாகப் புரிந்துகொண்டவர் ஏ.பி. நாகராஜன். 1965இன் ‘திருவிளையாட’லில், ஹேமநாத பாகவதரை மதுரையைவிட்டு ஓடவைக்கச் சிவன் விறகுவெட்டியாக வந்து திண்ணையில் பாடுகிறார். ஒரே சட்டகத்துக்குள் பல சிவாஜிகள்: ஒருவர் பாட, ஒருவர் வீணை வாசிக்க, ஒருவர் மிருதங்கம் தட்ட. பாடுபவனும் பாட்டும் வாத்தியமும் கேட்பவனும் ஒருவனே என்ற சைவ சிந்தனையை, படச்சுருளை மறைத்து மறைத்துப் பலமுறை பதியும் கேமரா வித்தையால் சொல்லிவிட்டார். இன்றைக்கு மியூசிக் வீடியோ என்று சொல்லப்படும் வடிவத்தில் தத்துவம் இவ்வளவு சுருக்கமாக வந்த இன்னொரு இடத்தைக் காட்டுவது சிரமம். அப்போது எம்டிவி பிறக்கவே இல்லை.

அமெரிக்காவில் 1940களில் காசு போட்டால் மூன்று நிமிடப் பாட்டுப் படம் காட்டும் பெட்டிகள் ஓட்டல்களில் இருந்தன; 1960களில் பிரான்சில் ஸ்கோபிடோன் என்ற பெயரில் வண்ணத்தில் வந்தன. 1981 ஆகஸ்ட் 1 அன்று எம்டிவி தொடங்கி, வானொலி நட்சத்திரத்தை வீடியோ கொன்றுவிட்டது என்று பொருள்படும் பாட்டையே முதல் பாட்டாகப் போட்டது. இங்கே அந்தக் கொலை எப்போதோ நடந்து காரியமும் முடிந்திருந்தது. 1975இல் தொடங்கிய சென்னைத் தொலைக்காட்சியில் வெள்ளிக்கிழமை மாலைகளில் ‘ஒளியும் ஒலியும்’ வந்தது. டிவி இருக்கிற வீட்டுக் கூடத்தில் தெருவே உட்கார்ந்தது. பெயரைக் கவனித்தால் தெரியும்: ஒளி முதலில், ஒலி பிறகு. கோயிலும் கூத்தும் வைத்திருந்த வரிசை தலைகீழானதை அரசாங்கத் தொலைக்காட்சி இவ்வளவு நேர்மையாகப் பெயரிலேயே அறிவித்திருக்க வேண்டியதில்லை.

பக்திப் பாட்டுக்கு வீடியோ கொஞ்சம் தாமதமாகவே வந்தது. நடுவில் கேசட்டின் காலம். ஆடி மாதம் கூழ் ஊற்றும் தெருவில் மைக்செட்காரர் குழாய் ஸ்பீக்கரைப் புளியமரத்தில் கட்டி, எல்.ஆர். ஈஸ்வரியின் குரலைப் போட்டால் நாலு ஊருக்குத் திருவிழா தெரியும். சினிமாவில் கிளப் பாட்டு பாடிய அதே குரல் மாரியம்மனுக்கும் பொருந்தியது. யாருக்கும் அது உறுத்தவில்லை. கேசட் மலிவு என்பதால் சின்னச் சின்ன ஊர்ச் சாமிகளுக்கும் தனி ஆல்பம் கிடைத்தது. சினிமாப் பாட்டு கோயிலுக்குள் போனதும் உண்டு. 1975இன் மலையாளப் படமான ‘சுவாமி ஐயப்பன்’ வழியாகப் பரவிய ‘ஹரிவராசனம்’, யேசுதாசின் குரலில், சபரிமலையில் நடை சாத்தும் பாட்டாக ஒலிக்கிறது. படத்தில் அந்தப் பாட்டுக்கு என்ன காட்சி என்று சன்னிதானத்தில் நிற்கும் யாரும் நினைப்பதில்லை. அங்கே பாட்டு முடிய, கதவு சாத்துகிறது. படத்தை உதறிவிட்டு மறைவை நோக்கித் திரும்பிப் போன அபூர்வமான பாட்டு அது.

பிறகு விசிடி. சன்னதித் தெருக் கடையில் குங்குமம், கயிறு, விபூதிப் பாக்கெட்டோடு வட்டத்தட்டும் தொங்கியது. தமிழ்நாட்டுப் பெரிய கோயில்கள் பெரும்பாலானவற்றில் மூலவரைப் படமெடுக்க அனுமதி இல்லை. அதனால் இந்த வீடியோக்கள் எல்லாமே ஒரு மாற்று ஏற்பாட்டில் நடந்தன: உற்சவர், காலண்டர் ஓவியம், பிளாஸ்டர் சிலை, அல்லது வேஷம் கட்டிய நடிகை. காலண்டர் ஓவியத்துக்கே ஒரு மேடை வரலாறு உண்டு. சிவகாசி அச்சகங்கள் வழியாகத் தமிழ்ப் பூஜையறைகளை நிரப்பிய கோவில்பட்டி கொண்டையராஜு நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதியவர். அவர் சாமிகள் நேராக நம்மைப் பார்க்கும். மேடையின் பின்புறம் தொங்கிய துணியிலிருந்து சுவருக்கு வந்து, சுவரிலிருந்து விசிடிக்குப் போனது அந்தப் பார்வை.

ஆகமம் இங்கே குறுக்கே வந்து ஒரு கேள்வி கேட்கும். கல்லில் செதுக்கிய உருவம் தானாகச் சாமி ஆகிவிடாது. எல்லா வேலையும் முடிந்த பிறகு கடைசியாகச் சிற்பி பொன்னூசியால் கண் திறப்பார். அதற்குமுன் அது கல், அதற்குப் பின் அது பார்க்கும். வீடியோவில் கண் திறந்தது யார்? எடிட்டிங் அறையில் புருவ மத்தியிலிருந்து ஒளிக்கதிர் பாய விட்ட பையனா?

கிண்டலாகக் கேட்டாலும் இந்தக் கேள்வி அவ்வளவு சுலபமாக முடிவதில்லை. 1987 ஜனவரியிலிருந்து 1988 ஜூலை வரை ராமானந்த் சாகரின் ராமாயணம் ஓடியபோது வட இந்திய வீடுகளில் டிவிப் பெட்டிக்கே மாலை போட்டார்கள். 1990களில் ‘அம்மன்’ படம் ஓடிய தமிழ்நாட்டுத் தியேட்டர்களில் பெண்களுக்குச் சாமி வந்த கதைகள் இன்னும் பேசப்படுகின்றன. ஆகமம் கண் திறக்காத இடத்தில் கும்பிடுகிறவர்கள் தாங்களே திறந்துகொண்டார்கள். 1989இல் மடோனா தன் பாட்டு வீடியோ ஒன்றில் கோயில் சிலை கண்ணீர் விட்டு உயிர்பெற்று எழுவதாகக் காட்டினார்; எரியும் சிலுவைகளையும் காட்டினார். கத்தோலிக்க அமைப்புகள் கொதித்தன, பெப்சி விளம்பரத்தை நிறுத்தியது. சிலை எழுந்து வருவது அங்கே தெய்வ நிந்தனை. இங்கே அது ஆடி மாதத்து வெள்ளிக்கிழமை ரிலீஸ்.

ஆக, உருவம் செயற்கையானது என்பது குற்றச்சாட்டே இல்லை. பொன்னும் கல்லும் சுதையும்கூடச் செய்யப்பட்டவைதான். எந்திரம் நடுவில் இருக்கிறது என்பதும் பெரிய குறை இல்லை. உறுத்துவது ஒன்றே: வீடியோவில் வரும் சாமிக்கு வராமல் இருக்கத் தெரியாது. டி-சீரிஸ் நிறுவனம் 2011இல் யூடியூபில் ஏற்றிய, ஹரிஹரன் பாடிய அனுமன் சாலிசா 300 கோடி முறைக்கும் மேல் பார்க்கப்பட்டிருக்கிறது. 300 கோடி அழைப்பிலும் ஒருமுறைகூட மறுப்பு இல்லை, தாமதம் இல்லை. நெட் சரியில்லாமல் நடுவில் ஒரு வட்டம் சுற்றுமே, அந்தச் சில விநாடிதான் அதில் மிஞ்சிய திரை. பம்பைக்காரரின் பாட்டில் இருந்த கெஞ்சலும் கோபமும், வருவாளா மாட்டாளா என்ற சந்தேகத்தில் பிறந்தவை. வருவது உறுதி என்றான பிறகு அதே சொற்களைப் பாடலாம், கெஞ்ச முடியாது.

இந்த வாதத்தைத் தொண்டூர்க் குன்றில் உட்கார்ந்து சொன்னால் எடுபடுமா என்பது சந்தேகம். செஞ்சி வட்டாரத்துத் தொண்டூரில், பாறைக்கு அடியில், சமண முனிவர்களுக்காகச் செதுக்கிய படுக்கைகள் இருக்கின்றன. பக்கத்தில் தமிழ் பிராமி எழுத்து, சுமார் கி.பி. 3ஆம் நூற்றாண்டு. அதில் வரும் அகழூர் இன்றும் சமணர்கள் வாழும் ஊராக அருகிலேயே இருக்கிறது. அந்தப் படுக்கைகளில் படுத்தவர்கள் யாரையும் பாடி அழைத்ததாகக் கல்வெட்டு சொல்லவில்லை. செஞ்சியை ஒட்டிய திருநாதர்குன்றில் 24 தீர்த்தங்கரர்களும் ஒரே பாறையில் வரிசையாக இருக்கிறார்கள். அங்கேதான் சந்திரநந்தி ஆசிரியர் 57 நாள் உண்ணாதிருந்து உயிர்விட்டதைச் சொல்லும் நிசீதிகைக் கல்வெட்டும் இருக்கிறது. ‘ஐ’ என்ற எழுத்தின் பழைய வடிவம் கிடைப்பதால் எழுத்தியல்காரர்களுக்கும் அது வேண்டிய கல். 57 நாள் என்பதை மூன்று நிமிடத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தோன்றுகிறது.

தமிழ்ச் சமணர் திகம்பர மரபினர். அவர்களுடைய தீர்த்தங்கரர்களின் கண் பாதி மூடி மூக்கு நுனியில் நிற்கும். கும்பிட வருகிறவரை அவர் பார்ப்பதில்லை, வரம் தருவதில்லை, கோபித்து முகம் திருப்புவதும் இல்லை. அவர் போய்விட்டவர். உருவம் இருப்பது, அவருடைய குணத்தைக் கும்பிடுகிறவர் தன் மனதில் எண்ணிக்கொள்வதற்காக. அப்படியானால் பதில் சொல்லாத, எத்தனை முறை பார்த்தாலும் மாறாத ஒரு படத்தில் சமணருக்கு என்ன குறை இருக்க முடியும்? கல்லும் அதைத்தானே செய்கிறது? அம்மன் பக்தருக்கு வீடியோ ஒரு பிரச்சினை என்றால், அதே வட்டாரத்தின் சமணருக்கு அது பிரச்சினையே இல்லாமல் போகலாம். வேறொரு தொல்லைதான் வரும்: கேமரா எதை நோக்கி நகரும்? கையில் ஆயுதம் இல்லை, உடம்பில் ஆடை இல்லை, கண்ணில் அசைவு இல்லை. வெட்டி ஒட்ட ஒன்றும் இல்லாத முகம் அது. மேல்சித்தாமூர் மடத்துத் தேர்த்திருவிழாவைப் படமெடுக்கலாம்; தேர் நகரும். உள்ளே இருப்பவரை எடுத்தால் ஒரே சட்டகம்தான்.

இந்தச் சுற்றுவட்டாரத்துக்குள்ளேயே மூன்று முகங்கள் இருக்கின்றன: பார்க்காத முகம், பார்த்து உடம்பிலேயே இறங்கிவிடும் முகம், பார்த்தும் திருப்பிக்கொண்ட முகம். மியூசிக் வீடியோ முதலாவதைப் படமெடுக்கத் திணறுகிறது; இரண்டாவதுபோல நடிக்கிறது; மூன்றாவது அதனால் ஆகாத காரியம். பேருந்து நிலையத்துப் பாட்டிக்கு இதையெல்லாம் சொன்னால் சிரிப்பார். அவருடைய போன் அம்மனுக்கும் மலையனூர் அம்மனுக்கும் வித்தியாசம் அவருக்குத் தெரியும். தெரிந்துதான் அடுத்த அமாவாசைக்கு அங்கே போகும் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.

மேல்மலையனூரில் அமாவாசை இரவு, நள்ளிரவை ஒட்டி, உற்சவ அம்மன் ஊஞ்சலுக்கு வருகிறாள். தாலாட்டு தொடங்குகிறது. பம்பை ஏறுகிறது. திடலில் நிற்கும் கூட்டத்தின் பாதிக் கைகளில் எலுமிச்சையும் கற்பூரமும், மீதிக் கைகளில் தூக்கிப் பிடித்த போன்கள். தூரத்தில் ஆடும் ஒரு ஊஞ்சல் ஆயிரம் சின்னத் திரைகளில் ஆடுகிறது. அப்போது படம்பிடித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் தோள் லேசாக அசைகிறது, தலைமுடி அவிழ்கிறது. பக்கத்தில் நிற்பவர் முதலில் செய்வது, அந்தக் கையிலிருக்கும் போனை வாங்கித் தன் இடுப்பில் செருகிக்கொள்வது. பிறகுதான் கற்பூரத்தைத் தேடுகிறார். போன் நிற்காமல் பதிந்துகொண்டிருக்கிறது: இருட்டு, புடவைத் துணி, பம்பைச் சத்தம்.